வியன்னாவிலிருந்து சூரிச், ஒரு மணி இருபது நிமிடம்

அவரை முதன்முதலாகக் கண்ட அன்றே ஏழு நிமிடங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் ஆராய்ச்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துவரவில்லை. நம்மவரில் ஓர் அக்கா தன் வீட்டில் இரண்டு அறைகளை மாணவருக்கு வாடகைக்கு விடுகிறார், சோறு கறியும் தருவார் என்று யாரோ சொன்னார்கள். ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்து, "அக்கா, ஸ்டேசனிலை நிக்கிறன், இப்ப வாறன்" என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் படலைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. இடக்கையில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். அதன் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் திரும்பியிருந்தது.

"ஸ்டேசனிலையிருந்து இஞ்சை பதினைஞ்சு நிமிச நடை. நீர் இருபத்திரண்டு நிமிசம் எடுத்திருக்கிறீர். மற்ற ஏழு நிமிசமும் எங்கை நிண்டனீர்?"

"தெரு மாறிப் போட்டனக்கா."

"எந்தத் தெரு?"

பெயர் தெரியவில்லை. சந்தியில் ஒரு தபால் பெட்டி இருந்தது, ஒரு வீட்டு முற்றத்தில் எலுமிச்சை மரம் நின்றது என்றேன். அவர் கண்ணை மூடி, உதடு அசைய, அந்தத் தெருவில் என்னை நடக்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். ஏழு நிமிடமும் சரிவந்த பிறகுதான் படலையைத் திறந்தார்.

அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். இவ்வளவு கைப்பக்குவமான மனுஷியை மெல்பேர்னில் நான் சந்திக்கவில்லை. ஓக்லியில் ஒரு தையல் தொழிற்சாலையில் விடியற்காலை தொடங்கி மதியம் வரை வேலை. வந்து குசினியில் நின்றாரென்றால் ஒரு மணித்தியாலத்தில் நாலு கறி. எனக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லித் தண்ணீர் கட்டிலடியில் இருக்கும். ஆனால் வெளியே காலடி வைக்கும்போது "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

"எத்தினை நிமிசம்?" என்பார்.

பால் வாங்கப் போனால் பதினொன்று. நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கொடுத்துவிட்டு வந்தால் நாற்பத்தைந்து. சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தினால் யன்னல் திரைக்குப் பின்னால் அவர் நிற்பது தெரியும். ஐந்து நிமிடம் பிந்தினால் படலையடியில். பத்து நிமிடமென்றால் நான் வரும் வழியில் ஏதாவது ஒரு சந்தியில் நிற்பார். ஏசமாட்டார். "சரி, வந்திட்டீர்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்துபோய்விடுவார். நான் எந்த வழியால் வருவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே ஒருநாளும் நடக்காத ஒரு சந்துக்குள் புகுந்து வந்தேன். அதன் முடிவில், நல்ல வெயிலில், கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் நின்றிருந்தார்.

காலையில் தேநீர் குடித்துக்கொண்டே தொலைபேசியைக் காதில் வைத்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். யாரோ நெருங்கிய சிநேகிதி பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே கொஞ்சக் காலம் நினைத்தேன். ஒருநாள் குசினியில் எண்ணெய் புகையத் தொடங்க, றிசீவரை என் கையில் தந்துவிட்டு ஓடினார். காதில் வைத்துப் பார்த்தேன். நேரம் சொல்லும் சேவை. ஓர் ஆண்குரல் மணியையும் நிமிடத்தையும் விநாடியையும் சொல்லிக்கொண்டேயிருந்தது. நடுநடுவே மூன்று தடவை 'பீப்'. அதைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற அறையில் மலேசியத் தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தான், மருத்துவ மாணவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் என்று சொல்லிவிட்டுச் சிநேகிதியோடு கடற்கரைக்குப் போனவன், ஆறு மணித்தியாலம் கழித்து வந்தான். அதற்கிடையில் அக்கா இரண்டு மருத்துவமனைகளுக்கும் ஒரு பொலிஸ் நிலையத்துக்கும் தொலைபேசி எடுத்து, அவனுடைய உயரம், நிறம், போட்டிருந்த சேர்ட் எல்லாம் சொல்லிவிட்டார்.

"நான் என்னா அக்கா, சின்னப் பிள்ளையா?" என்று அவன் கத்தினான்.

அக்கா அமைதியாகச் சொன்னார். "பெரிய ஆக்கள்தான் தம்பி காணாமல் போறது. சின்னப் பிள்ளையளை ஆராவது தேடி எடுத்துப் போடுவினம்."

அடுத்த வாரமே அவன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டான்.

நான் போகவில்லை. வியாழக்கிழமைகளைக் கண்ட பிறகும் போகவில்லை என்பது இப்போது நினைக்க எனக்கே புதினமாக இருக்கிறது. வியாழன் பின்னேரம் ஐந்தரைக்கு அவர் சாப்பாட்டு மேசைக் கதிரையில் வந்து உட்காருவார். கேட்டால் பதில் வராது. சரியாக ஆறு ஐம்பதுக்கு எழும்பி வாசல் கதவை அகலத் திறந்துவிடுவார். குளிர்காலத்தில் காற்று வீடு முழுக்க ஓடும். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, "சரி, சாப்பிடுவம்" என்பார். கோடையில் அரசாங்கம் மணியை முன்னுக்குத் தள்ளியபோது அவரும் ஒரு மணித்தியாலம் தள்ளிக்கொண்டார். ஒரு வியாழன் கதவு திறந்திருந்த நேரம், கலைக்களஞ்சியம் விற்கும் வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் படியேறி வந்துவிட்டான். அக்கா கடிகாரத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில், "நீங்கள் நாலு நிமிசம் பிந்திப் போனீர்கள்" என்றார். அவன் மன்னிப்புக் கேட்டான். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தான். ஒன்றும் விற்காமலே, வந்த வழியே வேகமாக இறங்கிப் போனான்.

என்ன நடந்ததென்று எனக்குச் சொன்னவர் வெளியூரில், ஹோம்புஷில் இருந்த ஒரு டாக்டர். சென்னைக்காரர். ஐரோப்பாவுக்கு விடுமுறை போய்வந்து, மெல்பேர்னில் ஒரு கலியாணத்துக்கு வந்த இடத்தில் அக்காவுக்குச் சொக்கலேட் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். அக்கா ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார்.

"வியன்னாவிலையிருந்து பிளேன் எத்தினை மணிக்கு எழும்பினது, டொக்டர்?"

"எட்டு முப்பத்தாறும்மா. சூரிச்ல ஒன்பது ஐம்பத்தாறு. நீங்க சொன்ன மாதிரியே வாட்சைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

"ஒரு மணி இருபது," என்று அக்கா எழுதினார். "காது அடைச்சதோ?"

"இறங்கும்போது லேசா அடைச்சுது."

அதையும் எழுதினார். டாக்டர் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

அக்காவின் கணவர் எஞ்சினியர். இங்கே வேலை கிடைத்து வந்து இரண்டு வருடத்தில், பயிற்சிக்கென்று வியன்னாவுக்கு மூன்று மாதம் அனுப்பப்பட்டவர். முடியும் தறுவாயில் சூரிச்சில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது. வியாழன் காலை எட்டரை மணி விமானத்தில் போகிறேன், இறங்கியதும் தந்தி அடிக்கிறேன் என்று எழுதினார். மெல்பேர்னில் அப்போது பின்னேரம் ஐந்தரை. தந்தி வரவில்லை. வியன்னா விடுதியில் காலையிலேயே கிளம்பிவிட்டார் என்றார்கள். சூரிச் விடுதியில் அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். விமானக் கொம்பனிக்காரர் பயணிகள் பட்டியலைப் பார்த்து, ஏறியிருக்கிறார் என்றார்கள். விமானம் பத்திரமாகத்தான் இறங்கியது. நாலு வருடமாகிறது.

"எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஏரோப்ளேன்ல இருந்து இறங்கி, டாக்ஸியைப் பிடிச்சு, எங்கேயோ யார் கூடயோ போயிட்டார். இந்த அம்மாகிட்ட அதை யார் சொல்றது? அந்தப் பக்கம் போறவங்க எல்லாரும் அந்த ப்ளேன்ல ஏறி, நேரத்தைக் குறிச்சுக்கிட்டு வந்து கொடுக்கிறோம். நான் பதினோராவது ஆள்."

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அக்காவாகவே பேசினார். "டொக்டர் சொல்லியிருப்பார், இறங்கிப் போட்டாரெண்டு. இறங்கினவரெண்டால் ஒரு தந்தி அடிச்சிருப்பார். அவர் சொன்ன சொல்லுத் தவறாத மனிசன். அறுநூறு கிலோமீற்றர் தம்பி. ஒரு மணி இருபது நிமிசம். நடுவிலை இறங்க ஆகாயத்திலை இடமில்லை. ஏறினவர் இன்னும் இறங்கேல்லை. அவ்வளவுதான்."

அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. பிந்தி வரும் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்.

அடுத்த வருடம் கார்த்திகை மாதம் சூரிச்சில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க எனக்கு அழைப்பு வந்தது. நான் கேட்கும் முன்னரே அக்கா சொன்னார், "வியன்னா வழியாலை போம்." பயணச்சீட்டை அப்படியே எடுத்தேன்.

வியன்னா விமான நிலையத்தில் பதிவு செய்து, சீட்டைக் கிழித்து, ஏறும் அட்டையையும் கையில் தந்துவிட்டார்கள். அதன் பிறகு சூரிச்சில் மூடுபனி என்று அறிவித்தார்கள். எட்டரை ஒன்பதரையாயிற்று. பொழுது படும் வரை பனி விலகாமலும் போகலாம் என்றார் மேசையில் இருந்தவர். எனக்கு மறுநாள் காலை முதல் அமர்விலேயே வாசிப்பு. கையில் ஒரு சின்னப் பைதான். யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸைப் பிடித்து மேற்கு ரயில் நிலையத்துக்குப் போய் ரயிலேறிவிட்டேன்.

அந்தப் பயணம் பகல் முழுக்க எடுத்தது. எண்ணூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. லின்ஸ், சால்ஸ்பேர்க், இன்ஸ்புறூக் என்று நிறுத்தி நிறுத்திப் போனது. லாண்டெக் என்று மலையடிவாரத்தில் ஒரு சிறிய நிலையம். மலையேற இன்னொரு இஞ்சின் பூட்டவேண்டும் என்று அங்கே நெடுநேரம் நின்றது. பயணிகள் சிலர் மேடையில் இறங்கி நின்று புகைபிடித்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் மட்டும் மேடையைத் தாண்டி, பனி கொட்டிக் கிடந்த தெருவில், திரும்பிப் பாராமல் நடந்து போனார். ரயில் புறப்பட்டபோது அவர் ஏறினாரா என்று தெரியவில்லை. அவரை யாரும் தேடவும் இல்லை.

சூரிச்சில் மாநாடு முடிந்து, திரும்பும் பயணத்தை உறுதிப்படுத்த விமானக் கொம்பனி அலுவலகத்துக்குப் போனேன். வரும்போது அந்த விமானத்தில் நான் வரவில்லை என்றேன். அங்கிருந்த பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "வந்திருக்கிறீர்கள். பனி விலகிப் பதினொரு மணிக்குப் புறப்பட்டது. இதோ உங்கள் பெயர், ஏறியவர்கள் பட்டியலில்." என் பெயருக்கு எதிரே சரி என்று ஓர் அடையாளம் போட்டிருந்தது.

அக்காவின் கணவர் ஏறினார் என்று சொன்னதும் இதே மாதிரி ஒரு பட்டியல்தான்.

மெல்பேர்னுக்குத் திரும்பும் வழி முழுக்க யோசித்து, சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அக்கா கொப்பியை விரித்தார். ஏறும் அட்டையைக் கொடுத்தேன்.

"எத்தினை நிமிசம்?"

"ஒரு மணி பதினெட்டு."

பன்னிரண்டாவது வரியாக, மையால், தன் குண்டு எழுத்தில் எழுதினார். "முகில் இருந்ததோ?" "ஓம்." "காது அடைச்சதோ?" "ஓம்." ஒவ்வொன்றையும் எழுதி ஒற்றுத்தாளால் ஒற்றினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் அந்த மனுஷிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பறந்து எழுதிக்கொடுத்த உண்மைக்குக் கீழே என் பொய் காய்ந்துகொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்த வரியை வெட்டுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடுபனி, ரயில், பட்டியலில் இருந்த என் பெயர். லாண்டெக்கில் இறங்கிப் போன தொப்பிக்காரர் வரை சொன்னேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த மனிசன் என்ன நிறம்?" என்றார்.

"பின்பக்கம்தான் கண்டனான் அக்கா."

"ரயில் அங்கை எத்தினை நிமிசம் நிண்டது?"

"பன்னிரண்டு, பதின்மூண்டு இருக்கும்."

"பதின்மூண்டு நிமிசம்," என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு கொப்பியின் பன்னிரண்டு வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டினார். அவற்றில் என்னுடையது மட்டும்தான் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த வியாழன் அவர் கதவைத் திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆறு ஐம்பதுக்கு நான்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்து அவர் வியன்னாவுக்குப் புறப்பட்டார். ரயிலில் சூரிச் போய், அங்கே நான் தங்கிய விடுதியிலேயே தங்குவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததும் தந்தி. ரல்லமரீன் விமான நிலையத்தில் விடைபெறும்போது, எத்தனை நாள் என்று கேட்டேன். அதுவரை நான் அவரைக் கேட்டதில்லை. "பார்ப்பம்" என்றார். அதுவரை அவர் அப்படிப் பதில் சொன்னதுமில்லை.

தந்தி வரவில்லை. ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் வெளிநாட்டு அழைப்புக்குப் பதிவு செய்து, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, சூரிச் விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்படி ஒரு பெண்மணி வரவேயில்லை என்றார்கள். வியன்னா விடுதிக்கு எடுத்தேன். காலையிலேயே பெட்டியோடு கிளம்பிவிட்டார் என்றார்கள். றிசீவரை வைத்துவிட்டு அந்த மேசையடியிலேயே இருந்தேன். ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. சமைக்கவில்லை. ரயில் எங்கெங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று ஞாபகப்படுத்தித் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தந்தி வந்தது. 'சுகம். வாறன்.'

வந்திறங்கியபோது கையில் கைப்பை மட்டும்தான். போன அன்று கட்டியிருந்த அதே சேலை. மேலே புதிதாக வாங்கிய ஒரு கம்பளிச் சட்டை. முகம் தெளிவாக இருந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்த பிறகுதான் சொன்னார்.

"நீர் சொன்ன ஸ்டேசன்தான். இறங்கி மேடையிலை நிண்டன். இஞ்சினைப் பூட்டினாங்கள். விசில் அடிச்சது. ஏறவேணுமெண்டு தெரியுது தம்பி, கால் ஏறேல்லை. ரயில் என்ரை பெட்டியையும் கொண்டு போட்டுது. அங்கை ஒரு வாங்கு இருந்தது, அதிலை இருந்தன். நான் எங்கை இருக்கிறனெண்டு உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடி ஒரு நிம்மதி. என்ரை சீவியத்திலை அப்பிடி இருந்ததில்லை. பக்கத்திலை ஒரு வீட்டிலை அறை தந்தினம். ரெண்டு நாள் இருந்தன். மணி பாக்கேல்லை."

"அங்கை அவரைப் பற்றி ஆரிட்டையும் விசாரிச்சனீங்களோ?"

"இல்லை." கொஞ்சம் யோசித்தார். "அவரை நினைக்கவேயில்லை."

"பிறகு ஏன் வந்தனீங்கள்?"

"மாத்திக் கட்டச் சீலை இல்லை. இல்லாட்டி வந்திருக்க மாட்டன்."

அவர் பகிடி விடவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் வீடு சாதாரணமாக ஓடியது. நான் வெளியே போனால் ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சூரிச் ரயில் நிலையத்திலிருந்து அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. பிரித்து, குசினி யன்னலடியில் நின்று இரண்டு தடவை வாசித்தார். ரயிலில் விடப்பட்ட பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, பெட்டியில் கட்டியிருந்த முகவரியைக் கொண்டு எழுதுகிறோம், எங்கே அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு அக்கா," என்றேன்.

"நான் இல்லாமலே என்ரை பெட்டி சூரிச்சுக்குப் போய்ச் சேந்திட்டுது," என்றார்.

கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார்.

"அவரின்ரை பெட்டியிலையும் முகவரி கட்டினது நான்தான். இந்த வீட்டு முகவரி. ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கட்டினனான். அது ஒரு இடத்துக்கும் போய்ச் சேரேல்லைத் தம்பி. அஞ்சு வருசமா ஒருத்தரும் ஒரு காயிதமும் போடேல்லை. கையிலை பெட்டியோடைதான் இறங்கியிருக்கிறார்."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிதத்தின் மேல் பாரமாக வைத்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். வெயில் இன்னும் யன்னலில் இருந்தது.

"சுடுதண்ணி ஹீட்டரைப் போட்டுவிடும் தம்பி," என்றார். "நான் தலை முழுகவேணும்."